விசில் கைமாறி வந்த வழி

தருமபுரி மாவட்டத்தில் ஓர் அரசுப் பள்ளி மைதானத்தில் கூடைப்பந்து போர்டு நிற்கிறது என்றால், என்றோ ஒரு காலத்தில் கல்லூரி அணிக்கு ஆடிய பி.டி. மாஸ்டரோ டீச்சரோ அங்கே வேலை பார்த்திருப்பார். வாலிபாலுக்கு இப்படி ஓர் ஆள் தேவைப்படவில்லை. இரண்டு கம்பமும் ஒரு வலையும் இருந்தால் சாயங்காலம் ஊர்ப் பையன்கள் தாங்களாகவே சேர்ந்துவிடுவார்கள். கபடிக்கு அந்த வலையும் வேண்டாம். கூடைப்பந்தை மட்டும் ஒவ்வொரு ஊருக்கும் யாரோ ஒருவர் கொண்டுவந்து சேர்க்க வேண்டியிருந்தது. அவர் மாறுதலில் போனால் ஆட்டமும் அவரோடு போனது. அவர் தங்கிய இடத்தில் ஆட்டமும் தங்கியது.

நான் அரூர்ப் பக்கம் பெண்கள் பள்ளியில் உடற்கல்வி ஆசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவள். கல்லூரியில் ஆடி, பிறகு பிள்ளைகளுக்குக் கற்றுக்கொடுப்பதையே பிழைப்பாகவும் வாழ்வாகவும் கொண்டவர்களின் வரலாற்றை எங்கள் பக்கம் யாரும் எழுதி நான் படித்ததில்லை. ஜெயித்தவர்களின் பெயர் கோப்பையில் இருக்கிறது. கற்றுக்கொடுத்தவர்கள் யார் யாரிடம் கற்றார்கள் என்று பின்னோக்கிப் போனால் அந்த வழி மிக நீளமானது.

அது அமெரிக்காவில் ஸ்பிரிங்ஃபீல்டு என்ற ஊரில், 1891 டிசம்பரில் தொடங்குகிறது. அங்கிருந்த ஒய்.எம்.சி.ஏ. பயிற்சிப் பள்ளியில், குளிர்காலத்தில் வெளியே இறங்க முடியாமல் அலுத்துக் கிடந்த 18 மாணவர்களுக்குக் கூரைக்குக் கீழே ஆட ஓர் ஆட்டம் வேண்டியிருந்தது. அந்தப் பொறுப்பு ஜேம்ஸ் நெய்ஸ்மித் என்ற ஆசிரியரிடம் வந்தது. அவர் 13 விதிகளை எழுதினார். பீச் பழம் வைக்கும் கூடைகள் இரண்டை மாடத்தின் கைப்பிடியில் ஆணியடித்து மாட்ட வைத்தார். அந்தக் கைப்பிடி பத்தடி உயரத்தில் இருந்தது. இன்றைக்கும் எந்த நாட்டிலும் ரிங் 3.05 மீட்டர் உயரத்தில் இருப்பதற்கு அதுதான் காரணம். ஒரு பக்கத்துக்கு ஒன்பது பேர் ஆடினார்கள். பந்து, கால்பந்து. பந்தை வைத்துக்கொண்டு ஓடக் கூடாது, பிடித்த இடத்திலிருந்தே எறிய வேண்டும் என்பது விதி. தட்டிக்கொண்டே ஓடும் டிரிபிள் அந்த விதிகளில் இல்லை.

அந்த 18 மாணவர்களில் ஓர் அணிக்குத் தலைவராக இருந்தவர் டங்கன் பாட்டன். 1894ல் இந்தியாவுக்கு இந்த ஆட்டத்தைக் கொண்டுவந்தவர் அவர். உலகத்தில் முதன்முதலாகக் கூடைப்பந்து ஆடிய மாணவர்களில் ஒருவரே மூன்று ஆண்டுகளுக்குள் நம் மண்ணில் அதைச் சொல்லிக்கொடுத்திருக்கிறார். இந்தியக் கூடைப்பந்தின் வரலாறே, கல்லூரியில் ஆடியவர் பயிற்சியாளரான கதையில்தான் ஆரம்பிக்கிறது.

நெய்ஸ்மித் 1898ல் கன்சாஸ் பல்கலைக்கழகத்துக்குப் போனார். அங்கே அவருடைய அணி ஜெயித்தது 55 ஆட்டம், தோற்றது 60. வெற்றி தோல்வி அவருக்குப் பெரிதாகத் தோன்றவில்லை. அவரிடம் ஆடிய ஃபாரஸ்ட் ஆலன் என்ற மாணவர், தான் பயிற்சியாளராகப் போவதாகச் சொன்னபோது, இது ஆடுவதற்கான ஆட்டம், இதற்கெல்லாம் பயிற்சியாளர் எதற்கு என்று நெய்ஸ்மித் வியந்ததாக ஒரு கதை வழங்குகிறது. ஆலன் போனார். கன்சாஸிலேயே இரு கட்டங்களாக 39 பருவங்கள் பயிற்சி கொடுத்து 1956ல்தான் இறங்கினார். அவரிடம் கல்லூரியில் ஆடிய அடால்ஃப் ரப் கென்டக்கியிலும், டீன் ஸ்மித் வட கரோலினாவிலும் பெரும் பயிற்சியாளர்கள் ஆனார்கள். டீன் ஸ்மித்திடம் கல்லூரியில் ஆடியவர் மைக்கேல் ஜோர்டான். கண்டுபிடித்தவரே வேண்டாம் என்று நினைத்த ஒரு வேலை, நான்கு தலைமுறைக்குள் அந்த ஆட்டத்தையே தாங்கி நிறுத்தும் வேலையாகிவிட்டது.

ஒலிம்பிக்கில் கூடைப்பந்தைச் சேர்க்க மிகவும் பாடுபட்டவர்களில் ஆலனும் ஒருவர். 1936ல் பெர்லினில் அது நடந்தது. பார்ப்பதற்கு நெய்ஸ்மித்தும் போயிருந்தார். திறந்தவெளியில், டென்னிஸ் ஆடும் மண் தளத்தில் போட்டி வைத்தார்கள். இறுதி ஆட்டத்தன்று மழை கொட்டித் தளம் சேறாகிவிட்டது. பந்து எழும்பவில்லை. பாஸ் செய்து பாஸ் செய்தே ஆடி, அமெரிக்கா கனடாவை 19-8 என்று வென்றது. ஒலிம்பிக் இறுதி ஆட்டத்தின் மொத்தப் புள்ளியே 27. மண் கோர்ட்டில் ஆடிப் பழகிய எங்களுக்கு இந்தச் செய்தி மிகவும் நெருக்கமானது. அதற்குப் பிறகு வருகிறேன்.

ஸ்பிரிங்ஃபீல்டில் படித்த இன்னொருவர் ஹாரி குரோ பக். அவர் 1919ல் மதராஸ் வந்தார். 1920ல் ஒரு சில மாணவர்களை வைத்து உடற்கல்வி ஆசிரியர்களுக்கான பயிற்சிப் பள்ளியைத் தொடங்கினார். சைதாப்பேட்டை, நந்தனம் பக்கம் அடையாற்றங்கரையில் இருக்கும் ஒய்.எம்.சி.ஏ. உடற்கல்விக் கல்லூரி அதுதான். 1924ல் பாரிஸ் ஒலிம்பிக்குக்குப் போன இந்திய அணிக்கு மேலாளராக இருந்தவரும் அவர்தான். 1943ல் இங்கேயே மறைந்தார். பள்ளிக்கூடம் என்றால் ட்ரில் மாஸ்டர் ஒருவர் வரிசையில் நிறுத்திக் கையைத் தூக்கி இறக்கச் சொல்லும் காலம் அது. ஆடத் தெரிந்தவரைப் படிக்க வைத்து, உடம்பையும் பிள்ளைகளின் மனதையும் அறிந்த ஆசிரியராக்கி ஊர் ஊருக்கு அனுப்பலாம் என்ற எண்ணத்துக்குக் கட்டடம் கட்டிக் காட்டியவர் பக். தமிழ்நாட்டுப் பள்ளிகளில் இன்று பி.டி. பீரியட் என்று ஒன்று அட்டவணையில் இருப்பதில் அவருக்குப் பெரிய பங்கு உண்டு. 1934ல் டெல்லியில் முதல் தேசியக் கூடைப்பந்துப் போட்டி, 1950ல் இந்தியக் கூடைப்பந்துச் சம்மேளனம் என்று மற்றவை பின்னால் வந்தன.

என் காலத்துக்கு வருகிறேன். சேலம் மாவட்டத்திலிருந்து பிரிந்து 1965 அக்டோபர் 2ல்தான் தருமபுரி தனி மாவட்டம் ஆனது. ராகியும் கடலையும் புளியும் விளையும் மானாவாரி பூமி. அப்பா பென்னாகரம் பக்கத்து விவசாயி. நான் சேலத்தில் கல்லூரி படிக்கும்போதுதான் கூடைப்பந்தைத் தொட்டேன். பெரியார் பல்கலைக்கழகம் வந்தது 1997ல். அதற்கு முன்னால் சேலம், தருமபுரிக் கல்லூரிகள் சென்னைப் பல்கலைக்கழகத்தோடு இணைந்திருந்தன. பல்கலைக்கழக அணிக்கான தேர்வு என்றால் சென்னைக்குப் போக வேண்டும். மொரப்பூரில் ரயிலேறினால், கான்வாஸ் ஷூவும் ஜெர்சியும் ஒரு ஜோல்னாப் பையில் இருக்கும். சென்னையில் நகரத்துக் கல்லூரிப் பெண்கள் சிமெண்ட் கோர்ட்டில் ஆடுவார்கள். பந்து அவர்கள் கையை விட்டுப் போய்த் திரும்பி வரும் வேகமே வேறாக இருக்கும்.

1980ல் மாஸ்கோ ஒலிம்பிக்கில் இந்திய ஆண்கள் அணி கூடைப்பந்து ஆடியது. இன்றுவரை நம் நாடு ஒலிம்பிக்கில் கூடைப்பந்து ஆடியது அந்த ஒரு முறைதான். 12 அணிகளில் கடைசி இடம். ஆனாலும் கல்லூரியில் நாங்கள் பத்திரிகையில் அந்தச் செய்திகளைத் தேடித் தேடிப் படித்தோம்.

கல்லூரியில் நன்றாக ஆடியவர்களுக்கு அப்போது இரண்டு வழிகள் இருந்தன. ஒன்று வேலை. தெற்கு ரயில்வே, ஐ.சி.எஃப்., இந்தியன் ஓவர்சீஸ் வங்கி, போலீஸ், கஸ்டம்ஸ் என்று அணி வைத்திருந்த நிறுவனங்கள் ஸ்போர்ட்ஸ் கோட்டாவில் எடுத்துக்கொண்டன. அப்படிப் போனவர்கள் சென்னையிலேயே தங்கிவிட்டார்கள். முப்பது, முப்பத்தைந்து வயது வரை நிறுவனத்துக்கு ஆடி, பிறகு நாற்காலியில் உட்கார்ந்தார்கள். இன்னொரு வழி பி.பி.எட். படித்துப் பள்ளிக்குப் போவது, அல்லது 1961ல் பாட்டியாலாவில் தொடங்கிய தேசிய விளையாட்டு நிறுவனத்தில் டிப்ளமோ முடித்துக் கோச் ஆவது. ‘என்.ஐ.எஸ். முடித்தவர்’ என்றால் மைதானத்தில் தனி மரியாதை. நான் இரண்டாவது வழியில் வந்தேன். சைதாப்பேட்டையில் பி.பி.எட். முடித்து, வேலைவாய்ப்பு அலுவலகத்தில் பதிந்து காத்திருந்து, அரூர்ப் பக்கம் பணி வாங்கினேன்.

நான் போன பள்ளியில் மைதானம் இருந்தது, கோர்ட் இல்லை. கூடைப்பந்துக்கு 28 மீட்டர் நீளமும் 15 மீட்டர் அகலமும் கொண்ட சமதளம் வேண்டும். செம்மண்ணைக் கிளறி, தண்ணீர் தெளித்து, உருளை போட்டு இறுக்கி, சுண்ணாம்பில் கோடு இழுத்தோம். ஊர்க் கொல்லுப் பட்டறையில் ரிங் வளைத்தோம். போர்டுக்குப் பலகை அடித்தவர் ஒரு மாணவியின் அப்பா. பந்து காஸ்கோ ரப்பர் பந்து. செம்மண்ணில் அது ஓர் இடத்தில் இடுப்பளவு எழும்பும், அடுத்த அடியில் முழங்காலோடு நின்றுவிடும். அந்தத் தரையில் டிரிபிள் சொல்லிக்கொடுத்துப் பயனில்லை.

அதனால் பாஸிலிருந்து தொடங்கினேன். செஸ்ட் பாஸ், தலைக்கு மேல் பாஸ், பிடித்ததும் நின்று ஒரு காலை ஊன்றி மறுகாலைச் சுழற்றும் பிவட். பந்து தரையைத் தொடாமல் ஐந்து பேர் கைகளில் சுற்றி ரிங்குக்குக் கீழே போய்ச் சேர வேண்டும். இதைத் தவிர முதல் வருடத்தில் வேறு எதையும் நான் சொல்லிக்கொடுக்கவில்லை. பின்னாளில் நெய்ஸ்மித்தின் முதல் விதிகளைப் படித்தபோது, எங்கள் பிள்ளைகள் ஆடியது 1891ல் ஆடிய அதே ஆட்டம் என்று தெரிந்தது. பெர்லின் சேற்றில் ஆடியதும் அதுவே. சிமெண்ட் கோர்ட் அணிகளோடு மோதும்போது எங்கள் பிள்ளைகளுக்கு வேகம் போதாது. ஆனால் பந்து யார் கையில் இருக்கிறது, யார் காலியாக நிற்கிறாள் என்று பார்க்கும் கண் அவர்களுக்கு இருந்தது. குறுவட்டப் போட்டியில் ஜெயித்து வருவாய் மாவட்டப் போட்டிக்குப் போனது அந்தக் கண்ணால்தான். வசதி இல்லாத இடத்தில், இருக்கும் தரைக்கு ஏற்ற ஆட்டத்தைத் தேர்ந்தெடுப்பவர்தான் பயிற்சியாளர். தான் ஆடிய ஆட்டத்தை அப்படியே கொண்டுவந்து இறக்குபவர் ஆட்டக்காரராகவே நின்றுவிடுகிறார்.

ஆடுவதைவிடக் கடினமான வேலை வீடுகளில் இருந்தது. பெண் சிசுக்கொலையைத் தடுக்கத் தொட்டில் குழந்தைத் திட்டத்தை 1992ல் அரசு சேலம் மாவட்டத்தில் தொடங்க வேண்டியிருந்த காலம். எங்கள் மாவட்டத்திலும் பெண் பிறந்தால் முகம் வாடுகிற வீடுகள் உண்டு. 2011 கணக்கெடுப்பில்கூட எழுத்தறிவில் தமிழ்நாட்டிலேயே கடைசியில் நின்றது தருமபுரி. எட்டாவது, ஒன்பதாவது படிக்கும் பெண்ணை வெளியூர்ப் போட்டிக்கு அனுப்பச் சொல்லி நான் வாசலில் நிற்பேன்.

“வயசுக்கு வந்த புள்ளைங்க டீச்சர். பந்தத் தூக்கிக்கிட்டு ஊர் ஊராப் போனா நாளைக்கு யாருங்க கட்டுவாங்க?” என்பார் அப்பா.

“நானே கூட்டிக்கிட்டுப் போயி நானே கொண்டாந்து உடறேங்க. ராத்திரி எந்நேரமானாலும் உங்க வாசல்லதான் உடுவேன்” என்பேன்.

அந்த ஒரு சொல்லைக் காப்பாற்றுவதுதான் என் பயிற்சியின் பாதி. தாவணியை இடுப்பில் செருகிக்கொண்டு ஆடிய பிள்ளைகள், பிறகு சுடிதாரில் ஆடினார்கள், பிறகு ஜெர்சியில். ஒவ்வொரு மாற்றத்துக்கும் ஒரு அம்மாவிடம் பேச வேண்டியிருந்தது. அவர்களில் சிலர் போலீஸானார்கள், சிலர் என்னைப் போல விசில் மாட்டிக்கொண்டார்கள். பலருக்குப் பத்தாவது முடிந்ததும் கல்யாணம் ஆகாமல் இரண்டு மூன்று வருடம் படிப்பு நீண்டது. அதுவே எனக்குப் பெரிய கோப்பை.

அமெரிக்காவிலும் பெண்களின் கூடைப்பந்து இப்படித்தான் வளர்ந்தது என்று அறிந்தபோது மனம் நிறைந்தது. பேட் சம்மிட் என்பவர் கல்லூரியில் ஆடியவர். 1974ல் 22 வயதில் டென்னசி பல்கலைக்கழகப் பெண்கள் அணிக்குத் தலைமைப் பயிற்சியாளரானார். அணியின் ஜெர்சியைத் தானே துவைத்தார், வெளியூர் ஆட்டங்களுக்கு வேனைத் தானே ஓட்டினார். பயிற்சியாளராக இருந்துகொண்டே 1976 ஒலிம்பிக்கில் ஆடி வெள்ளிப் பதக்கமும் வாங்கினார். 2012ல் அவர் ஓய்வு பெற்றபோது கணக்கில் 1,098 வெற்றிகளும் எட்டு தேசியப் பட்டங்களும் இருந்தன. அத்தனையும் ஒரே இடத்தில் இருந்து செய்தது.

நம் நாட்டில் ஒரே இடத்தில் ஊன்றி நின்றவர்களில் டாக்டர் சங்கரன் சுப்பிரமணியனை எப்போதும் நினைப்பேன். பஞ்சாபில் லூதியானா கூடைப்பந்து அகாடமியில் கிராமத்துப் பையன்களைக் கூட்டிவந்து தங்கவைத்து ஆளாக்கியவர். பல்லோ கே என்ற சிறு கிராமத்திலிருந்து வந்த சத்னாம் சிங், அங்கே தொடங்கி, 2015ல் டல்லாஸ் மேவரிக்ஸ் அணியால் 52வது தேர்வாக எடுக்கப்பட்டு, என்.பி.ஏ.வுக்குத் தேர்வான முதல் இந்தியர் ஆனார். அதைப் பார்க்க சுப்பிரமணியன் இல்லை, 2013லேயே மறைந்துவிட்டார். தான் விதைத்ததைப் பார்க்காமலே போவது இந்த வேலையில் வழக்கம்தான்.

தமிழ்நாட்டில் கல்லூரியில் படித்துக்கொண்டே நாட்டுக்கு ஆடி, பிறகு பயிற்சியாளராகவும் வந்தவர்களில் முதலில் சொல்ல வேண்டியவர் அனிதா பால்துரை. 1985ல் பிறந்த சென்னைப் பெண். தடகளமும் வாலிபாலும் ஆடிக்கொண்டிருந்தவர் கூடைப்பந்துக்கு வந்தார். பதின்வயதிலேயே இந்திய அணிக்குள் நுழைந்து, 19 வயதில் கேப்டனானார். சென்னைப் பல்கலைக்கழகத்தில் பி.காம். படித்தார், தெற்கு ரயில்வேயில் வேலை. 2000க்கும் 2017க்கும் இடையில் ஒன்பது ஆசிய சாம்பியன்ஷிப் போட்டிகளில் ஆடினார். 2012ல் சீனாவின் ஹையாங்கில் ஆசியக் கடற்கரை விளையாட்டில் தங்கம், 2013ல் தோஹாவில் மூவர் கூடைப்பந்து ஆசியப் போட்டியில் தங்கம். தாயான பிறகு பெரும்பாலோர் ஷூவைக் கழற்றி வைத்துவிடுவார்கள். அவர் திரும்பி வந்தார். 2017ல் பெங்களூரில் ஆசியக் கோப்பை இரண்டாம் பிரிவின் இறுதியில் கஜகஸ்தானை 75-73 என்று வென்று இந்தியா முதல் பிரிவுக்கு ஏறியபோது அணியில் இருந்தார். பிறகு இந்திய இளம்பெண்கள் அணிக்குப் பயிற்சியாளர் ஆனார். 2021ல் அவருக்குப் பத்மஸ்ரீ கிடைத்தது.

அந்த விருதுச் செய்தி வந்தபோது என் பழைய மாணவிகள் ஒருவர் மாற்றி ஒருவர் போன் பண்ணினார்கள். “டீச்சர், நம்ம ஆட்டத்துக்குப் பத்மஸ்ரீ குடுத்திருக்காங்க” என்றாள் ஒருத்தி. அவள் ஆடி முப்பது வருடம் இருக்கும். ‘நம்ம ஆட்டம்’ என்று சொன்னாள்.

அனிதாவின் வாழ்க்கையில் எங்கள் மாவட்டத்துக்கு ஒரு பாடம் இருக்கிறது. அவர் தங்கம் வாங்கிய மூவர் ஆட்டத்துக்கு அரை கோர்ட் போதும், ஒரே ஒரு போர்டு போதும். ஓர் அணிக்கு மூன்று பேர், மாற்று ஆள் ஒருவர். பத்து நிமிடம், அல்லது யார் முதலில் 21 புள்ளி எடுக்கிறார்களோ அவர்களுக்கு வெற்றி. டோக்கியோ ஒலிம்பிக்கிலிருந்து அது ஒலிம்பிக் ஆட்டமும்கூட. எங்கள் பள்ளிகள் பலவற்றில் இரண்டாவது போர்டு விழுந்து பல வருடம் ஆகிறது. ஒற்றை போர்டை வைத்துக்கொண்டு என்ன செய்வது என்று கைவிட்ட மைதானங்கள் எல்லாம் மூவர் ஆட்டத்துக்கு முழு மைதானங்கள்.

இடம் சிறியது என்பதும் தடை அல்ல. தேனி மாவட்டத்துப் பெரியகுளம் பெரிய நகரமா என்ன? அங்கே சில்வர் ஜூபிலி ஸ்போர்ட்ஸ் கிளப் பல பத்தாண்டுகளாகக் கோடைவிடுமுறையில் பி.டி. சிதம்பர சூரியநாராயணன் நினைவு அகில இந்தியப் போட்டியை நடத்திவருகிறது. நாட்டின் பெரிய நிறுவன அணிகள் அந்த ஊருக்கு வந்து ஆடுகின்றன. ராத்திரி விளக்கு வெளிச்சத்தில் ஊரே உட்கார்ந்து பார்க்கிறது. கோவையிலும் அப்படியே நாச்சிமுத்து கவுண்டர் கோப்பை ஒரு தலைமுறையிலிருந்து அடுத்த தலைமுறைக்குப் போயிருக்கிறது. அந்த ஊர்களில் ஆடியவர்கள் ஆடி முடித்த பிறகும் மைதானத்தை விட்டுப் போகவில்லை. சிறுவர்களுக்குக் கற்றுக்கொடுத்தார்கள், ஸ்கோர் எழுதினார்கள், விசில் ஊதினார்கள். 2022ல் சென்னையில் நடந்த சீனியர் தேசியப் போட்டியில் தமிழ்நாட்டு ஆண்கள் அணி பட்டம் வென்றதற்குப் பின்னால் இப்படி நூறு மைதானங்களின் சாயங்காலங்கள் இருக்கின்றன.

தருமபுரியிலிருந்தும் ஒவ்வொரு வருடமும் சில பிள்ளைகள் ஸ்போர்ட்ஸ் கோட்டாவில் கோவைக்கும் சென்னைக்கும் கல்லூரிக்குப் போகிறார்கள். அவர்களுக்கு நான் சொல்வது இதுதான். நன்றாக ஆடுங்கள், வேலை வாங்குங்கள். முழங்கால் இனி முடியாது என்று சொல்லும் நாள் வரும்போது, ஆட்டம் முடிந்துவிட்டது என்று நினைக்காதீர்கள். பாட்டன் ஆடியது ஸ்பிரிங்ஃபீல்டில் சில காலம். இந்தியா முழுக்க ஆட்டம் பரவியது அவர் கப்பலேறியதால். உங்கள் ஊர்ப் பள்ளிக்கு வாரத்தில் இரண்டு சாயங்காலம் வந்தால் போதும்.

தலைமையாசிரியர்களுக்கும் பெற்றோர் ஆசிரியர் கழகத்தாருக்கும் ஒன்று சொல்ல வேண்டும். போர்டு வாங்கக் காசு திரட்டுகிறீர்கள், நன்றி. ஆனால் போர்டுக்கு முன்னால் ஆளைத் தேடுங்கள். கல்லூரியில் ஆடிய பெண் ஒருத்தி உங்கள் ஊருக்கு மருமகளாக வந்திருக்கலாம், போலீஸில் ஆடிய ஒருவர் ஓய்வு பெற்று உங்கள் தெருவில் இருக்கலாம். அவர்களைக் கூப்பிட்டு, மைதானத்துச் சாவியைக் கையில் கொடுங்கள். மற்றதை அவர்கள் பார்த்துக்கொள்வார்கள்.